மேஸ்திரிக்கு வெங்காயம் ஆகாது

மகனே,

நேற்று ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நீ கேட்ட முதல் கேள்வி, "நைனா, ஈறு இன்னா கலர்ல கீது?" என்பதுதான். என் ஈறைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குப் பாதிப் பல் விழுந்து வருஷக்கணக்காகிறது. அது என்ன கலரில் இருந்தால் யாருக்கென்ன? பூனையின் ஈறைத்தான் கேட்டாய். "ரோஸ்தான்" என்றேன். நீ என் வார்த்தையை நம்பாமல், முட்டி போட்டு உட்கார்ந்து, அதன் மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, ரோஸ்தான்" என்றாய். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். உனக்குக் கல்யாணமாகி ஷீலாவோடு பெரம்பூருக்குக் குடிபோன நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் நடக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. பேரன் பேத்தி எடுக்க வேண்டிய வயதில், நாலு கிலோகூட இல்லாத ஒரு பூனையின் மேல் பொறாமை. இதைப் போனில் சொன்னால் நீ சிரித்துவிட்டு, "அப்பால பேசறேன் நைனா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. படித்துத்தான் ஆக வேண்டும்.

இந்தப் பொறாமை நேற்று முளைத்ததல்ல. உன் அம்மா போன பிறகு இந்த ராயபுரம் வீட்டில் நாம் இரண்டு ஆம்பிளைகள் மட்டும் மிஞ்சினோம். நீ எண்ணூர் பக்கம் கண்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போவாய், வருவாய். நான் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டி ரிட்டயரான மனுஷன், டிவி முன்னால் உட்கார்ந்திருப்பேன். "சாப்டியா?" "ஆச்சு." அவ்வளவுதான் நம் பேச்சு. ஒரு மழை நாளில் டிரெய்லர் லாரிக்கு அடியில் நனைந்துகொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டு எடுத்துவந்தாய். துவட்டி இறக்கி விட்டதும் அது வாலைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போய், அரிசி டப்பாவை முகர்ந்து, என் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்து, ஏதோ குறை கண்டுபிடித்த மாதிரி என்னைப் பார்த்துக் கத்தியது. நீ விழுந்து விழுந்து சிரித்து அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தாய். வாழ்நாள் முழுக்க ஒரு மேஸ்திரியின் கத்தலைக் கேட்டுக்கொண்டு வேலை பார்த்துவிட்டு, நிம்மதியாக வீட்டில் உட்காரலாம் என்று வந்தால் இங்கேயும் ஒரு மேஸ்திரி. நீ அதை "அவன்" என்பாய். நான் "அது" என்பேன். பூனைக்கு எதற்கடா அவனும் இவனும் என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும்.

அதனோடு நீ பேசிய பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேலையிலிருந்து வந்ததும் அதை மடியில் போட்டுக்கொண்டு, யார்டில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், எந்த டிரைவர் பெட்டியை மாற்றி ஏற்றிக்கொண்டு போனான் என்று ஒன்று விடாமல் சொல்வாய். நான் அதே துறைமுகத்தில் முடி நரைத்தவன். அந்தக் கதையெல்லாம் எனக்குத்தான் புரியும், பூனைக்கா புரியும்? கடைசியில் எனக்குச் சொல்ல வேண்டியதையும் அதன் வழியாகவே சொல்ல ஆரம்பித்தாய். காலையில் வாசலில் நின்றுகொண்டு, "மேஸ்திரி, நைனாவாண்ட சொல்லிடு, இன்னிக்கு வர லேட்டாவும், துன்னுட்டுப் படுத்துக்க சொல்லு" என்பாய். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "சரின்னு சொல்லு மேஸ்திரி" என்பேன். பக்கத்து வீட்டில் கேட்டால் என்ன நினைப்பார்கள்? எனக்கு டெங்கு வந்தபோது என்ன செய்தாய் என்பதும் மறக்கவில்லை. இளநீர் சீவி வைத்தாய், மாத்திரையைக் கிண்ணத்தில் வைத்தாய், தெர்மாமீட்டரை நீட்டினாய், வேலைக்குப் போய்விட்டாய். குறை ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பூனை ஒரு தும்மல் போட்டதற்கு அதன் நெற்றியில் முத்தம் கொடுத்தாய். கட்டிலில் படுத்தபடி நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு உடம்பு சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தவன் நான்தான், அதையாவது ஒத்துக்கொள். டிவி மேல் தாவுகிற பூனை நாற்காலி ஏறவே மூச்சு வாங்கியது. தரையில் போய் ஒட்டிக்கொண்டு படுத்தது. பிறகு சமையலறைச் சுவரை நக்க ஆரம்பித்தது. சிமெண்ட் உதிர்ந்த இடமாகப் பார்த்து நக்கியது. எனக்கு உடனே உன் அம்மா ஞாபகம் வந்தது. உன்னைச் சுமந்திருந்தபோது அவள் பச்சரிசியை அள்ளித் தின்பாள், சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டி யாருக்கும் தெரியாமல் வாயில் போடுவாள். ரத்தம் இல்லை, அதனால்தான் இந்த ஆசை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "டேய், இதுக்கு ரத்தம் கம்மியா கீதுடா" என்று நான் உன்னிடம் சொன்னேன். நீ அதன் வாயைத் திறந்து பார்த்தாய். ஈறு காகிதம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. மறுநாளே லீவு போட்டாய். எனக்கு டெங்கு வந்தபோது போடாத லீவு.

திருவொற்றியூர் போகிற சாலையில் பூனை, நாய் பார்க்கிற அந்த டாக்டர் பொண்ணு, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஒரு பட்டையில் விட்டுப் பார்த்தாள். பூனைகளுக்கு வருகிற லுக்கேமியா வைரஸ் என்றாள். வைரஸ் எலும்புக்குள் உட்கார்ந்துகொண்டு புது ரத்தம் ஊற விடாமல் தடுக்கிறது, உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை என்றாள். மனுஷனுக்கு ஒட்டாது, ஆனால் எச்சில் பட்டால் மற்ற பூனைக்கு ஒட்டும்; சாப்பிடுகிற தட்டு தனியாக இருக்க வேண்டும். வைரஸுக்கு மருந்து இல்லை. ஆனால் தெள்ளுப்பூச்சி மூலமாக ரத்தத்தில் இன்னொரு கிருமியும் ஏறியிருக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது, அது கேட்டால் கொஞ்ச காலம் நன்றாக இருக்கும் என்று மாத்திரை எழுதினாள். இன்னும் இறங்கினால் வேறொரு பூனையிடமிருந்து ரத்தம் எடுத்து ஏற்ற வேண்டும் என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன் அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்கு உன் தோள் எப்படிக் குலுங்கியதோ அப்படிக் குலுங்கியது. அந்தப் பூனை இடத்தில் நான் இருந்தால் இவன் இப்படி அழுவானா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அந்த நினைப்பு விலகவில்லை.

அதற்குப் பிறகு நீ மாத்திரையை நுணுக்கி மீனில் வைத்துக் கொடுத்தாய், துப்பியது. கடையில் விற்கிற பூனைத் தீனியைச் சூடு பண்ணிக் கொடுத்தாய், முகத்தைத் திருப்பிக்கொண்டது. நீ வேலைக்குப் போன பிறகு நான் அதை உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ரத்தம் ஊற வைப்பது எனக்கு வரும். உன் அம்மாவுக்கு ஊற வைத்தவன் நான். நீ பிறந்த பிறகு வெளுத்துப் போய்க் கிடந்தவளுக்கு, வேலைக்குப் போகும் முன் கறிக்கடையில் நின்று ஆட்டு மண்ணீரலை, அந்தச் சுவரொட்டியை, வாங்கிவந்து, மேல் தோலை உரித்து, சின்ன வெங்காயத்தோடு வதக்கி, மிளகு தூவி என் கையால் ஊட்டுவேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்பாள். கன்னத்தில் நிறம் வந்துவிட்டது. அந்த நினைப்பில் நேராகக் கறிக்கடைக்குப் போனேன். பூனைக்குக் காரம் ஆகாது என்று எனக்குத் தெரியும், அதனால் மிளகே போடவில்லை பார். மிளகுக்குப் பதிலாக வெங்காயத்தை இன்னும் ஒரு கை கூடவே போட்டேன், ரத்தத்துக்கு நல்லது என்று. மசித்துக் கையில் வைத்து நீட்டினேன். மேஸ்திரி தின்றது. உன் கையில் ஒரு வாய் தின்னாதது என் உள்ளங்கையை வழித்து நக்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவா? பூனை பிழைக்கும் என்பது பாதிதான். நீ வந்ததும் "என் கையிலதான் துன்னுச்சு" என்று சொல்லலாமே என்பது மீதிப் பாதி. சொன்னேன். நீ என் தோளைப் பிடித்து உலுக்கி, "நைனா, நீ கிங்கு நைனா" என்றாய். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் நீ என்னைத் தொட்டாய். அதற்காகவே மறுநாளும் போய்ச் சுவரொட்டி வாங்கினேன்.

அடுத்த இரண்டு நாளில் அதன் மூத்திரம் டீ டிக்காஷன் மாதிரி போனது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகி, தலையைத் தூக்கவே முடியவில்லை. கூடையில் துணி விரித்து வைத்து ஆட்டோவில் ஓடினோம். சாலை முழுக்கக் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. நான் இறங்கி முன்னால் நடந்து, வின்ச் மேலிருந்து கத்திப் பழகிய தொண்டையால், "யோவ், கொஞ்சம் ஒதுங்குய்யா, பேஷண்ட் கீது" என்று கத்திக்கொண்டே போனேன். ஒரு டிரைவர் எட்டிப் பார்த்துக் கூடைக்குள் பூனையைக் கண்டு, "இதுக்கா பெர்சு இவ்ளோ பேஜாரு?" என்று கேட்டான். கேட்டாலும் வண்டியை ஒடித்து வழி விட்டான். டாக்டர் பொண்ணு பூனையைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "என்ன சாப்பிடக் கொடுத்தீங்க? வெங்காயம், பூண்டு ஏதாவது?" என்றுதான். "வெங்காயம் போட்டு வதக்குனதுதான்" என்றேன். பூனைக்கு வெங்காயம் விஷம், இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் அது உடைத்துவிடும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். "யார் இந்த வேலையைச் செஞ்சது?" என்று கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "நான்தான் டாக்டர். தெரியாம குடுத்துட்டேன்." அவள் உன்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். படித்தவர்தானே, போனில் ஒரு நிமிஷம் தேடிப் பார்க்கக்கூடாதா என்றாள். வெயிட்டிங்கில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ அத்தனையையும் கேட்டுக்கொண்டு நின்றாய்.

இன்றைக்கே ரத்தம் ஏற்றினால்தான் உண்டு என்றாள். கன்னியம்மாவின் பூனை கருப்பன்தான் உடனே என் நினைவுக்கு வந்தது. நம் தெருமுனையில் மீன் விற்கிறாளே, அவளுடைய கடுவன், கன்றுக்குட்டி மாதிரி இருக்குமே. நான் ஓடிப்போய்க் கேட்டபோது அவள் மீன் வெட்டுகிற கத்தியை நிறுத்தாமல், "இன்னாது, என் கருப்பன்கிட்ட ரத்தம் எடுக்கப் போறியா? தினிக்கும் வஞ்சிரத் தலை துன்ற ரத்தம்ணே அது, தெரியுமா?" என்றாள். உன்னைப் பற்றிச் சொன்னேன். நீ ஆஸ்பத்திரி வாசலில் கல்லாக நிற்கிறாய் என்றேன். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். "அந்தப் புள்ளைக்காக வுடறேன். இட்டுகினு போ. இதுக்கு எதுனா ஆச்சு, உன் வூட்டு வாசல்ல குந்திகினு மாரடிப்பேன், ஆமா." கருப்பனைச் சாக்கில் போடுவதற்குள் என் முழங்கையைக் கீறிவிட்டது, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கருப்பனுக்கு அந்த வைரஸ் இல்லை என்று சோதித்து, இரண்டு ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று கலந்து பார்த்து, மயக்க ஊசி போட்டுக் கழுத்திலிருந்து மெதுவாக எடுத்தார்கள். ஒரு டீ கிளாஸ் அளவுகூட இல்லை. அதை மேஸ்திரிக்குச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள்.

ஏற்றி முடிகிறவரை பக்கத்தில் ஆளிருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். கருப்பன் மயக்கம் தெளிந்து சாக்கைக் கிழிக்கப் பார்த்தது. அப்புறம் நீ பூனையின் காதைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "மேஸ்திரி, அந்தப் பொண்ணு நைனாவ அத்தினி பேர் எதிர்ல திட்டியிருந்தா நல்லாவா இருந்திருக்கும், நீயே சொல்லு." நான் பூனையையே பார்த்துக்கொண்டு, "அவனாண்ட சொல்லு மேஸ்திரி, நைனா வேணும்னு செய்யலன்னு" என்றேன். "தெரியும்னு சொல்லு" என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. மருந்து வாடை என்று சொல்லி வெளியே போய் நின்றேன். நீ இத்தனை வருஷமாகப் பூனையிடம் பேசியதில் பாதி என்னிடம் பேசியதுதான் என்று அன்றைக்குத்தான் என் மர மண்டைக்கு உறைத்தது. மேஸ்திரி எழுந்து உட்கார்ந்து கருப்பனைப் பார்த்துச் சீறியபோது டாக்டர் பொண்ணுகூடச் சிரித்துவிட்டாள். ரத்தம் கொடுத்தவனைப் பார்த்துச் சீறுகிற நன்றி கெட்ட பிறவி.

உன் கல்யாணத்துக்கு அது உயிரோடு இருந்தது, அது கருப்பன் போட்ட பிச்சை. ஷீலாவிடம் இரண்டு பூனைகள், அதனால் வைரஸ் உள்ள இதை அங்கே கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். மண்டபத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், கோட்டில் முடி ஒட்டும் என்று எல்லாரும் கத்தக் கத்த, நீ அதைத் தூக்கி என் கையில் கொடுத்து, "பாத்துக்க நைனா" என்றாய். அன்றைக்கும் நீ கடைசியாகத் திரும்பிப் பார்த்தது என்னையா அதையா என்று எனக்குத் தெரியவில்லை. வாராவாரம் ரத்தம் ஊறப் போடுகிற ஊசிக்கு நான்தான் கூடையில் தூக்கிக்கொண்டு போகிறேன். மாத்திரையை மத்தி மீனின் முள்ளெடுத்த சதையில் பொதிந்து கொடுக்கிறேன், உன்னிடம் துப்பியதெல்லாம் என்னிடம் துப்புவதில்லை.

போன வாரம் நீ ஒன்று சொன்னாய். ஷீலாவின் பூனைகள் உன் தலையணையில் படுத்துக்கொள்கின்றனவாம், அவள் வேலையிலிருந்து வந்ததும் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் அவற்றைக் கொஞ்சுகிறாளாம். "நான் இன்னொரு ஆளு அங்க கீறேன்னே அவளுக்குத் தோணல நைனா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். எனக்குள்ளே எப்படிச் சிரிப்பு வந்தது தெரியுமா? இப்போது தெரிகிறதா மகனே, இந்தப் பொறாமை உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று? உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான். பொறாமையாக இருந்தால் அவளிடம் போய், எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு. பூனையிடம் சொல்லி அனுப்பாதே. நான்தான் எல்லாருக்கும் மேலே என்று காட்டப் போய், என்னை மாதிரி சட்டி நிறைய வெங்காயத்தை வதக்காதே.

நேற்று நீ கிளம்பும்போது மேஸ்திரி என் மடியில் இருந்தான். நீ கையை நீட்டி, "வாடா" என்றாய். அவன் கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்துவிட்டு, என் லுங்கி மடிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நிமிஷம் அவனைத் தூக்கி உன் மடியில் வைத்தேன். அவன் கனம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று உன் கைக்குத் தெரிந்திருக்கும். ரத்தம் மறுபடி இறங்குகிறது, இனி ஏற்றினாலும் நிற்காது என்று டாக்டர் பொண்ணு நம் இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டாள். நான் ரோஸ் என்றேன், நீயும் ரோஸ்தான் என்றாய். அது ரோஸ் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவன் போய்விட்டால் நீ எதற்கு இங்கே வருவாய்? பொறாமைப்பட்டுப் பொறாமைப்பட்டுக் கடைசியில் நான் வந்து நிற்கிற இடம் இந்தப் பயம்தான். ஊசிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம், இன்னும் ஒரு ஞாயிறு, இன்னும் ஒரு ஞாயிறு என்றுதான் மனதுக்குள் கேட்டுக்கொண்டு போகிறேன். அவனுக்காகவா உனக்காகவா என்று மட்டும் கேட்காதே.

அதனால் இதை இப்போதே எழுதி வைக்கிறேன். மேஸ்திரி போன பிறகு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமையும் நீ வா. செருப்பைக் கழற்று, ஹெல்மெட்டைக் கழற்று, என் எதிரில் உட்கார், யார்டில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று சொல். பதிலுக்கு நான் மேஸ்திரி மாதிரி கத்த மாட்டேன், கேட்டுக்கொள்வேன். அன்றைக்குக் காலையிலேயே கறிக்கடைக்குப் போய் நல்ல சுவரொட்டியாகப் பார்த்து வாங்கி, மிளகு தூவி, சின்ன வெங்காயத்தை அள்ளிப் போட்டு வதக்கி வைக்கிறேன். அவனுக்குத்தான் வெங்காயம் ஆகாது. உனக்கு ஆகும்.

உன் நைனா